ஜாமீன் யார்?



வங்கிக்குக் கடன் கேட்டுப் போனால் முதலில் என்ன கேட்பார்கள்? "ஜாமீன் யார்?" என்பார்கள். இல்லையா?

மும்பை தாராவியில் நம் திருநெல்வேலிக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. பலர் குடிசையில் இருப்பவர்கள். குடிசைக்கு ஏது பட்டா? பட்டா இல்லாதவருக்கு எந்த வங்கி கடன் தரும்?

ஜோக்கின் அற்புதம் என்று ஒருவர். கோலார் தங்கவயலில் பிறந்தவர். மும்பையில் அவரும் குடிசையில் வாழ்ந்தவர்தான். 1974-ல் குடிசைவாசிகளுக்குச் சங்கம் அமைத்தார். பிறகு ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும், மகிளா மிலன் என்ற பெண்கள் குழுக்களும் சேர்ந்துகொண்டன. பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேமிப்புப் பணம் வாங்கினார்கள். சிறு தொகைதான். ஆனால் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்தார்கள்.

தாராவியில் ராஜீவ் இந்திரா என்ற வீட்டுவசதிச் சங்கம். குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்ட நினைத்தது. அதற்குப் பெரும் பணம் வேண்டும். ஸ்பார்க், சிட்டி வங்கியிடம் கேட்டது. அது அமெரிக்க வங்கி. எளிதில் சம்மதிக்குமா? பேச்சு நீண்டது. கடைசியில் இங்கிலாந்தில் உள்ள ஒரு தொண்டு நிறுவனம் ஜாமீன் நின்றது. கடன் கிடைத்தது. மாடிவீடுகள் எழுந்தன.

கடனை எப்படி அடைப்பது? கூடுதலாகக் கட்டும் இடத்தை விற்று அடைப்பது என்று ஏற்பாடு.

ஒன்று சொல்கிறேன். வங்கி தர்மம் செய்யவில்லை, கடன்தான் கொடுத்தது. அதனால் இவர்கள் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

சரி, நம் குழுவின் கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.