வைவா முடிந்த மறுநாள்



தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் காலை வேளையில் ஏறினால், பொத்தேரி வந்ததும் பெட்டியில் உட்கார இடம் கிடைத்துவிடும். இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பொறியியல் மாணவர்கள். அவர்களுக்கு நடுவே முப்பதை நெருங்கிய சிலரும் இருப்பார்கள். துறையில் இவர்களை ‘ஸ்காலர்’ என்பார்கள். காட்டாங்குளத்தூர், வண்டலூர், தாம்பரம் என்று இந்தச் சாலையோரக் கல்வி நிறுவனங்களில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறவர்கள். பட்டம் வாங்கிய பிறகு இவர்களுக்கு ஆய்வு வேலை எங்கே கிடைக்கும், எப்படிக் கிடைக்கும் என்பதுதான் இன்றைய பேச்சு.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடக்கும் நாளில் துறையே கல்யாண வீடு மாதிரி இருக்கும். புறத்தேர்வாளருக்குப் பொன்னாடை, வந்தவர்களுக்கு சமோசா, காபி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஊரிலிருந்து வந்த அம்மா, ஒன்றும் புரியாவிட்டாலும் கடைசி வரிசையில் கண்கொட்டாமல் உட்கார்ந்திருப்பார். ‘பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறோம்’ என்றதும் கைதட்டல். சாயங்காலத்துக்குள் வாட்ஸாப்பில் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ ஏறிவிடும். சங்கடம் மறுநாள் தொடங்கும். உதவித்தொகை, ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோதே பெரும்பாலும் நின்றுபோயிருக்கும். ஹாஸ்டல் அறையைக் காலி செய்ய வேண்டும். ‘இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்கியா?’ என்று கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, இப்போது ‘எங்கே வேலை?’ என்று கேட்பார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வைவா முடிந்து வேலை தேடுகிறவர் ஓராண்டு பிந்திவிட்டார். ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸைக் கொடுத்த அன்றே தேடத் தொடங்கியிருக்க வேண்டும். வைவாவுக்கு முன்பே விண்ணப்பிக்கச் சட்டதிட்டமும் இடம் தருகிறது. பழைய அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் (எஸ்.ஈ.ஆர்.பி.) இடத்துக்கு இப்போது வந்திருக்கும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் தருகிற தேசிய முதுமுனைவர் உதவித்தொகைக்கு, ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுக் காத்திருப்பவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பொதுவான வயது வரம்பு 35. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. திருத்தம், மதிப்பீட்டாளர் அறிக்கை, வைவா தேதி என்று மாதக்கணக்கில் காத்திருக்கும்போது வயது மட்டும் காத்திருப்பதில்லை.

கூட்டமும் பெருகிவிட்டது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தவர்கள் 2014–15இல் ஏறக்குறைய 1.17 லட்சம் பேர், 2021–22இல் இரண்டு லட்சத்துக்கும் மேல். நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் முக்கால் சதவீதம்கூட இல்லை. இவ்வளவு பேருக்கும் நிரந்தர விஞ்ஞானி நாற்காலி எங்கிருந்து வரும்?

ஆகவே முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் ‘புராஜெக்ட்’ வேலைதான். ரிசர்ச் அசோசியேட் என்ற பெயரில் சேர்ந்தால், 2023ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மத்திய அரசு விகிதப்படி, முதல் படியில் மாதம் 58,000 ரூபாய்; வீட்டு வாடகைப்படி தனி. மோசமில்லை. ஆனால் விளம்பரத்தின் கடைசி வரிகளையும் படிக்க வேண்டும்: பணி முற்றிலும் தற்காலிகம், திட்டத்தோடு முடியும், நேர்காணலுக்குப் பயணப்படி கிடையாது. திட்டப் பணம் தவணை தவணையாக வரும். செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை. அது தாமதமானால் உங்கள் சம்பளமும் தாமதம். எனவே நேர்காணல் முடிவில் ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்றால், கூச்சப்படாமல் கேளுங்கள்: திட்டத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி, இந்த ஆண்டுத் தவணை வந்துவிட்டதா, கட்டுரையில் என் பெயர் எந்த இடத்தில் வரும்? இதைக் கேட்டதற்காக வேலை தர மறுக்கிற ஆய்வகத்தில் சேராமல் இருப்பதே நல்லது.

எங்கே தேடுவது? பலர் ஐ.ஐ.டி. வாசலோடு நின்றுவிடுகிறார்கள். காட்டாங்குளத்தூரிலிருந்து பாருங்கள். தாம்பரம்–வேளச்சேரி சாலையில் பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கி அங்கேதான் உருவாகிறது. ஒப்பந்தத் திட்ட விஞ்ஞானிகளை அவர்கள் அவ்வப்போது எடுக்கிறார்கள். அதே சாலையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே போனால் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம். தனியார் பக்கம், பரனூர் அருகே மகிந்திரா ரிசர்ச் வேலி. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம். தமிழ் ஆய்வு செய்தவர்களும் சோர்ந்துபோக வேண்டாம். பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எல்லாம் இதே தென்சென்னையில்தான். விளம்பரங்கள் நாளிதழில் வருவது குறைந்துவிட்டது. அந்தந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தை வாரம் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும்.

ஆசிரியர் வேலையில் சேர்ந்து ஆய்வையும் தொடர்கிறேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு கணக்கு. கல்லூரி அங்கீகாரத்துக்கான கோப்பு வேலை இந்தக் கணக்கில் சேராது. சில இடங்களில் கல்லூரிக்கு வேண்டியது உங்கள் ஆய்வு அல்ல, ஆசிரியர் பட்டியலில் உங்கள் பெயர்தான். ஒரே ஆசிரியர் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டபோது தமிழகமே பார்த்தது.

இருந்தாலும் கல்லூரியிலிருந்து ஆய்வு நடக்காது என்று சொல்லிவிட முடியாது. தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்த கிஃப்ட் சிரோமணியும், அங்கேயே கணிதம் கற்பித்த அவர் மனைவி ராணி சிரோமணியும் வாசல் கோலத்தைக் கணினி இலக்கணமாக மாற்றினார்கள். பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரான கமலா கிருத்திவாசனும் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரை 1974இல் பன்னாட்டு இதழில் வந்தது. கணினி அறிவியலில் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்களிடம் பெரிய ஆய்வகம் இல்லை. நல்ல கேள்வி இருந்தது, சேர்ந்து யோசிக்க ஆட்கள் இருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஆளைத்தான் நீங்களும் தேட வேண்டும். தேசிய முதுமுனைவர் உதவித்தொகைக்கு ஒரு வழிகாட்டியின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கும் அப்படியே. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் ஒருவரும் பதில் போட மாட்டார்கள். ஒருவருடைய அண்மைக் கட்டுரை இரண்டைப் படியுங்கள். அதில் விட்டுப்போன ஒரு கேள்வியைச் சொல்லி, அதைச் செய்ய உங்களுக்குத் தெரிந்த கருவி அல்லது முறை எது என்று பத்து வரியில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம்; அதில் தவறில்லை.

ஆய்வேடு கொடுத்துவிட்டு வைவாவுக்குக் காத்திருக்கும் நேயர்கள், உங்கள் பிறந்த தேதியையும் உதவித்தொகை வயது வரம்பையும் இன்றைக்கே சேர்த்து வைத்துப் பாருங்கள். அந்தப் பத்து வரிக் கடிதத்தை இந்த வாரமே ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.