ஷாம்பிள்ஸ்: ஒரு கறிக்கடைச் சொல்

(ஆய்வு மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

மொழியும் சாதியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நெறியாளரிடம் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது முதல் பக்க ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சொல்: ஷாம்பிள்ஸ். அலங்கோலம், ஒரே குழப்பம் என்று பொருள். அவர் எழுதியது சரிதான். அட்டவணைகள் இடம் மாறிக் கிடந்தன. கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே கொட்டியிருந்தேன். கோபம் வரவில்லை. சும்மா அகராதியைப் புரட்டினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

லத்தீனில் சிறிய பலகையைக் குறித்த சொல் அது. பழைய ஆங்கிலத்துக்கு வந்து முக்காலி ஆனது, பொருள் பரப்பி விற்கும் மேசை ஆனது. பிறகு கறி விற்கும் மேசை, அதன் பிறகு கறிச்சந்தை. 16ஆம் நூற்றாண்டில் மாடு அறுக்கும் கொட்டடிக்கும் அதுவே பெயர். அதே நூற்றாண்டின் கடைசியில் பிணங்கள் கிடக்கும் களத்துக்கும். 20ஆம் நூற்றாண்டில் ரத்தமெல்லாம் வடிந்து வெறும் அலங்கோலம் மிஞ்சியது. இன்று கலைந்து கிடக்கும் அறையும் ஷாம்பிள்ஸ், சொதப்பிய பட்ஜெட்டும் ஷாம்பிள்ஸ். ‘ஆம்னிஷாம்பிள்ஸ்’ என்று ஒன்றைப் புதிதாகக் கட்டி, 2012இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அதை பிரிட்டனின் ஆண்டுச் சொல்லாகவே அறிவித்தார்கள்.

என் அப்பா மாட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறார். நெறியாளருக்கு அது தெரியாது.

அந்தக் கடையைவிட ஒழுங்கான இடத்தை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பார்த்ததில்லை. விடியும் முன்பே கட்டையைச் சுரண்டி, உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவார். தொடைக்கறி ஒரு கொக்கியில், நெஞ்செலும்பு ஒரு கொக்கியில். ஈரலுக்குத் தனித் தட்டு. குடலை அம்மா வெந்நீரும் மஞ்சளும் போட்டு அலசிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அது கடைக்குள் வராது. யார் வீட்டில் சுக்கா, யார் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குச் சூப்பு என்று கேட்காமலே வெட்டுவார். அவர் தராசில் கை வைக்க எனக்கு இன்றும் அனுமதியில்லை.

இதைப் பார்த்தா அலங்கோலத்துக்குப் பெயர் வைத்தார்கள்? கடையில் நின்று வேலை செய்தவர்கள் வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவைக் கடந்தவர்களின் சொல் இது.

நம் வாத்தியார்களும் ‘இது என்ன வகுப்பா, மீன் மார்க்கெட்டா’ என்பார்கள். மீன் விற்கிறவருடைய பிள்ளை மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். சேரி என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு 12 சேரிகளைச் சொல்கிறது. அது பிராமணர் ஊர். சேரி என்றால் அங்கே வெறும் குடியிருப்புப் பகுதி. ஆனால் ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே தீண்டாச்சேரி வந்துவிடுகிறது. இன்று சேரி என்பதே வசவு.

இரண்டையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. இங்கிலாந்தின் யார்க் நகரில் ‘தி ஷாம்பிள்ஸ்’ என்றே ஒரு தெரு இருக்கிறது, ஒரு காலத்தில் வரிசையாகக் கறிக்கடைகள். அந்த ஊர்க் கசாப்புக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது, நகரத்தில் மதிப்பு இருந்தது. சொல் கீழே இறங்கியபோது அவர்களுடைய பிள்ளைகளைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகவில்லை. இங்கே அப்பாவின் தொழில் என்ன என்று விடுதியில் கேட்டபோது ‘வியாபாரம்’ என்று மூன்று வருடம் சொன்னவன் நான்.

இயலைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். முன்னுரையில் ஒரு பத்தி சேர்த்து, அப்பாவின் தொழிலை அதன் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறேன். நெறியாளர் அதில் கை வைக்கவில்லை.

யார்க் தெருவைப் பற்றி அப்பாவிடம் போனில் சொன்னேன். இப்போது கறிக்கடைகள் இல்லை, சுற்றுலாப் பயணிகள்தான் வருகிறார்கள், கறி மாட்டிய கொக்கிகள் மட்டும் சில கடை வாசலில் அப்படியே இருக்கின்றன என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“கொக்கி இரும்பாப்பா? தினமும் துடைக்கலைன்னா துரு ஏறிடுமே” என்றார்.