வீட்டுக்குப் பின்னால் ஒரு காடு
(சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சென்ற இலையுதிர் காலத்தில் எங்கள் தெருவார் பத்துப் பேர் றூஜ் ஆற்றங்கரைக்கு நடக்கப் போனோம். ஸ்காபரோவில் முப்பது வருடம் இருந்தும் நான் அங்கே கால் வைத்தது அன்றுதான். வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஓடினோம். காட்டைப் பார்க்க நேரமேது?

ஆற்றிலே சமன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. மேட்டில் ஏறினால், காடு முடியுமிடத்தில் வரிசையாக வீட்டுக் கூரைகள். பேத்தி கேட்டாள்: "அம்மம்மா, எங்கட வீடு நிக்கிற இடமும் முந்திக் காடோ?"

"வயல், பிள்ளை" என்றேன். அதற்குப்பிறகு அவள் கதைக்கவில்லை.

இந்தக் காடு 2015இல் தேசிய நகர்ப்புறப் பூங்காவானது. 2022இல் ஒன்ராறியோ அரசு, பசுமை வலயத்திலிருந்து 7,400 ஏக்கரை வீடு கட்டவென்று விடுவித்தது. பூங்காவை ஒட்டிய பிக்கரிங் விவசாய நிலமும் அதில் அடக்கம். சனங்கள் விடவில்லை, 2023இல் அந்த நிலம் திரும்பவும் வலயத்துக்குள் வந்தது.

வீடிழந்து வந்த நாங்கள் வீடே கட்டவேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆனால் ஊரிலே உயர் பாதுகாப்பு வலயம் என்று காணி போனபோது எங்களுக்கு வாய் திறக்க வழியில்லை. இங்கே கடிதம் எழுதலாம், கூட்டத்தில் எழும்பிக் கேட்கலாம். அதற்கு முதலில் இடத்தைக் காலால் அறியவேண்டும்.

வருடப்பிறப்புக்குப் பிறகு வெள்ளை ட்ரில்லியம் பூக்கும். அனுமதி இலவசம். பேரப்பிள்ளைகளோடு வாருங்கள், நல்ல சப்பாத்துப் போட்டால் போதும்.