ஞாயிறு காலையில் பந்தியில் நிற்கும் பிள்ளை



ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நாம் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது அடிக்கடி காதில் விழுகிற கேள்வி ஒன்று உண்டு. "உங்க பையன் எங்கே? கோவில் பக்கமே காணோமே?" கேட்கப்பட்ட தாய் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுவார். மகன் எங்கே இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். முந்தின நாள் இரவே கேட்டரிங் வேலைக்குப் போனவன், இந்நேரம் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் சாம்பார் வாளியோடு இலைக்கு இலை நடந்துகொண்டிருப்பான். அந்தக் கூலியில்தான் அவனுடைய தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் நடக்கின்றன. ஆனாலும் அதை நம்மிடம் சொல்ல அந்தத் தாய்க்கு வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை? இதைத்தான் இன்று நாம் சேர்ந்து சிந்திக்கப் போகிறோம்.

"நான் படுற பாடு என் பிள்ளை படக்கூடாது" என்று சொல்லாத பெற்றோர் நம்மில் யார்? அன்பினால்தான் சொல்கிறோம். கட்டடத்தில் சித்தாளாகவும், மீன் கூடையோடும், தையல் இயந்திரத்தின் முன்னும் தேய்ந்த கைகள் சொல்லும் வார்த்தை அது. ஆனால் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வளரும் பிள்ளையின் மனத்தில் வேறொரு பாடமும் பதிந்துவிடுகிறது. கையால் செய்கிற வேலை கேவலம், படிப்பு என்பது அதிலிருந்து தப்பிக்கிற வழி என்று அவன் எடுத்துக்கொள்கிறான். பிறகு தானே வேலைக்குப் போக நேரும்போது கல்லூரி நண்பர்களிடம் அதை மறைக்கிறான். பந்தியில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறான்.

நாசரேத்து மக்களும் இதே தவறைச் செய்தார்கள். தங்கள் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் போதித்தபோது முதலில் வியந்தார்கள். உடனே அவருடைய தொழில் நினைவுக்கு வந்தது. இவர் நம் ஊர்த் தச்சர்தானே என்றார்கள். அந்த நினைப்பே அவர்களுக்குத் தடையாகிவிட்டதை மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கடவுளின் மகன் உளி பிடித்த கையோடு நின்றார் என்பது நமக்குப் பெருமை, அவர்களுக்கு இடறல்.

தூய பவுலைப் பாருங்கள். கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி அவர்களோடு கூடாரம் செய்தார். ஓய்வு நாள்களில் தொழுகைக்கூடத்தில் பேசினார். மறைநூலை ஆழக் கற்ற மனிதர், யாருக்கும் சுமையாக இருக்கக்கூடாது என்று இரவும் பகலும் பாடுபட்டதைத் தெசலோனிக்கருக்கு எழுதிய மடலில் தாமே நினைவூட்டுகிறார்.

நம் காலத்துக்கு நெருங்கிய ஒருவரின் கதையும் உண்டு. போலந்து நாட்டில் கரோல் வொய்த்திவா என்ற இளைஞர் 1938-இல் கிராக்கோவ் நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே ஜெர்மானியப் படைகள் நாட்டைப் பிடித்துக்கொண்டன. பேராசிரியர்கள் கைது செய்யப்பட்டு வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள், பல்கலைக்கழகம் மூடப்பட்டது. வேலை இல்லாத இளைஞர்களைக் கட்டாய உழைப்புக்கு ஜெர்மனிக்குக் கொண்டுபோகும் காலம் அது. ஆகவே 1940-இல் அவர் கல்குவாரி வேலைக்குப் போனார். பிறகு சால்வே என்னும் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தார். தாயும் அண்ணனும் முன்பே இறந்திருந்தார்கள். 1941 பிப்ரவரியில் ஒரு நாள் வீடு திரும்பியபோது தந்தையும் இறந்து கிடந்தார். அப்போது அவருக்கு வயது 20.

அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டேதான், 1942 முதல், பேராயர் இரகசியமாக நடத்திய குருமடத்தில் அவர் படித்தார். இரவுப் பணியில் கிடைத்த அமைதியான நேரத்தில் புத்தகத்தைத் திறந்தார், செபித்தார். உடன் வேலை செய்தவர்கள் பெரிய படிப்பு படித்தவர்கள் அல்லர். ஆனாலும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ படி என்று அவருக்குக் காவல் நின்றார்கள். இதைப் பிற்காலத்தில் அவரே நன்றியோடு எழுதியிருக்கிறார்.

அவரைச் செபத்தில் வளர்த்தவர் யார் தெரியுமா? அவருடைய பங்கில் இருந்த ஒரு தையல்காரர், யான் திரனோவ்ஸ்கி. பங்குக் குருக்களைக் காவல்துறை பிடித்துச் சென்ற அந்த நாள்களில், இவர் பங்கின் இளைஞர்களை 'வாழும் செபமாலை' என்ற குழுக்களாகச் சேர்த்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்துப் பேசினார். இன்று திரு அவை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அழைக்கிறது. அவர் வழிநடத்திய தொழிலாளி மாணவரை நாம் புனித இரண்டாம் யோவான் பவுல் என்று அழைக்கிறோம். 1981-இல் அந்தத் திருத்தந்தை மனித உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் எழுதியபோது, உழைப்பின் மதிப்பு அது எந்த வேலை என்பதில் இல்லை, அதைச் செய்பவர் மனிதர் என்பதில் இருக்கிறது என்று கற்பித்தார். கல்லைச் சுமந்த தோள் கற்பித்த பாடம் அது.

ஒரு கல்லூரி முழுவதுமே இப்படி எண்ணினால் எப்படியிருக்கும்? அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பெரீயா கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற போதகர் 1855-இல் தொடங்கியது. திருத்தூதர் பணிகள் நூலில் வருகிற பெரோயா நகரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அங்கே கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். பண்ணை, தறி, தச்சுப் பட்டறை, அலுவலகம் என்று எல்லா இடத்திலும் மாணவர்களே நிற்கிறார்கள். எல்லாரும் வேலை செய்கிற இடத்தில் எவர் எவரைப் பார்த்து ஒதுங்க வேண்டும்?

அன்பானவர்களே, வறுமையை நாம் அழகுபடுத்திப் பேசக்கூடாது. விடிய விடிய வேலை வாங்கி, வகுப்பில் பிள்ளையைத் தூங்க வைக்கிற உழைப்பு நல்லதல்ல. பேசிய கூலியைக் குறைத்துக் கொடுப்பது பாவம். நம் வீட்டு விசேஷத்தில் பரிமாறுகிற பையன்களுக்குப் பந்தி முடிந்தபின் சோறு மிஞ்சியதா என்று பார்ப்பதும் நம் கடமைதான்.

அதுபோலவே ஞாயிறு திருப்பலியும் விட்டுக்கொடுக்கக்கூடியதல்ல. உழைப்பு பிள்ளைக்கு நேர்மையையும் பொறுமையையும் கற்றுத்தரலாம். ஆனால், இந்த உழைப்பை ஏற்றுக்கொள்கிற ஒரு தந்தை விண்ணகத்தில் இருக்கிறார் என்பதைப் பலிபீடத்தின் முன்னால்தான் அவன் கற்றுக்கொள்கிறான். அங்கே நாம் ஒப்புக்கொடுக்கிற அப்பமும் இரசமும் மனித உழைப்பின் பயன்தானே! சாம்பார் வாளி தூக்கிய கையும் அந்தக் காணிக்கையில் சேர்ந்ததுதான்.

ஆகவே வருகிற ஞாயிறு நாம் மூன்று காரியங்கள் செய்வோம். "கோவிலுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்கிற வாயால், "சாப்பிட்டாயா? எத்தனை மணிக்கு வேலை முடியும்?" என்று கேட்போம். வேலைக்குப் போகும் மாணவர்கள், மாணவிகள் நம் பங்கில் எத்தனை பேர் என்று அன்பியங்களில் விசாரித்து, அவர்களுக்கு ஏற்ற மாலைத் திருப்பலி ஒன்றுக்காகப் பங்குத்தந்தையிடம் பேசுவோம். வீட்டுக்குப் போய் நம் பிள்ளைகளிடம், "நான் செய்யும் வேலை எனக்கு வெட்கமில்லை, நீ செய்யும் வேலை எனக்குப் பெருமை" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்வோம்.

அந்தத் தாய் அடுத்த வாரம் கோவில் வாசலில் தலைநிமிர்ந்து பதில் சொல்லட்டும்: "என் மகன் வேலைக்குப் போயிருக்கிறான். சாயங்காலப் பூசைக்கு வருவான்."

செபிப்போம். நாசரேத்தில் உழைத்த ஆண்டவரே, படித்துக்கொண்டே பாடுபடும் எங்கள் பிள்ளைகளின் கைகளை ஆசீர்வதியும். அவர்கள் களைத்து வரும் நேரத்தில் திறந்திருக்கும் வீடாக எங்கள் பங்கை மாற்றும். தொழிலாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பர் அவர்களுக்குத் துணை நிற்பாராக. ஆமென்.