போரின் கணக்கை யார் எழுதுவது?

(வடமராட்சியில் வாசிகசாலை ஒன்றின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



அயல்நாட்டு மண்ணில் ஓர் அரசு நடத்தும் போரின் விலையை எவ்வாறு அளப்பது என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அமெரிக்கர் வியட்நாமில் நடத்திய போரிலிருந்து தொடங்குகிறேன். ஆனால் முடிக்கப்போவது நமது முற்றத்தில்.

வாஷிங்டன் நகரில் 1982ஆம் ஆண்டு கருங்கற் சுவர் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. வியட்நாமில் மாண்ட அமெரிக்கர் 58,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. அதே போரில் மாண்ட வியட்நாமியர் எத்தனை பேர்? வியட்நாமிய அரசாங்கம் 1995இல் வெளியிட்ட கணக்கு முப்பது இலட்சத்தை எட்டுகிறது. அதனிற் குறைத்துச் சொல்லும் ஆய்வாளரும் உளர். ஒரு பக்கத்தில் பெயர். மறு பக்கத்தில் வெறும் மதிப்பீடு.

பொதுசன அபிப்பிராயமும் அவ்வாறே. படை அனுப்பியது தவறா என்று கலப் நிறுவனத்தார் அமெரிக்க மக்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டனர். 1965 ஆகஸ்டில் நூற்றுக்கு 24 பேர் தவறு என்றனர். 1968 ஆகஸ்டில் 53 பேர் அவ்வாறு கூறினர். குண்டு விழுந்த வயலின் உழவனிடமும் சில வேளை கேட்டதுண்டு. ஆனால் துப்பாக்கியின் நிழலில் நின்று அவன் சொன்ன விடையை எந்தத் தராசில் நிறுப்பது?

நமது மண்ணில்

இனி நமது கதைக்கு வருவோம். 1987 யூன் 4ஆம் நாள் இந்திய விமானங்கள் நமது வானில் பறந்து உணவுப் பொதிகளைப் போட்டன. யூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதனையொட்டி வந்திறங்கிய இந்தியப் படையினரை நம்மவர் மாலையிட்டு வரவேற்றனர். இதை இன்று மறைப்பதிற் பயனில்லை. அந்நாளில் எவரேனும் அபிப்பிராயம் கேட்டிருந்தால், குடாநாட்டின் விடை ஐயத்துக்கு இடமற்றதாய் இருந்திருக்கும்.

மூன்று மாதம் முடியுமுன்னே, ஒக்டோபர் 10ஆம் நாள் போர் மூண்டது. பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படைப் பிரிவின் முப்பதின்மரில் இருபத்தொன்பதின்மர் மாண்டனர். அவர்களும் ஏழைத் தாய்மார் பெற்ற பிள்ளைகளே. ஒக்டோபர் 21ஆம் நாள், தீபாவளியன்று, யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குள் படையினர் புகுந்தனர். அன்றும் மறுநாளும் மருத்துவர், தாதியர், ஊழியர், நோயாளர் என ஏறத்தாழ எழுபது பேர் கொல்லப்பட்டனர். குழந்தை வைத்தியர் சிவபாதசுந்தரம் கைகளை உயர்த்திக்கொண்டு வெளிவந்தபோது சுடப்பட்டார். இருதரப்புச் சூட்டிடையே அகப்பட்டு மாண்டனர் என்றனர் இந்தியத் தரப்பார். பிணங்களிடையே மூச்சடக்கிக் கிடந்து உயிர் தப்பிய ஊழியர் அவ்வாறு சொல்லவில்லை.

1989 ஆகஸ்ட் 2ஆம் நாள் வல்வெட்டித்துறையில் ரோந்துப்படை தாக்கப்பட்டுச் சிப்பாய்கள் மாண்டனர். அடுத்த சில மணி நேரத்தில் ஊர் எரிந்தது. குடிமக்கள் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அவ்வூரார் ஒரு காரியம் செய்தனர். பிரசைகள் குழுவினர் வீடு வீடாகச் சென்று இறந்தவர் பெயரையும், எரிந்த வீட்டையும், கண்டவர் வாக்குமூலத்தையும் எழுதி வைத்தனர். அவ்வேடு நூலாகவும் வெளிவந்தது. ஆகவே அந்த ஊரின் கணக்கை இன்று எவராலும் எளிதில் அழிக்க முடியாது.

இரண்டு ஏடுகள்

1990 மார்ச் 24ஆம் நாள் கடைசி இந்தியச் சிப்பாயும் கப்பலேறினான். மாண்ட இந்தியப் படையினர் ஏறத்தாழ 1,200 பேர். பத்தரமுல்லையில் நாடாளுமன்றத்துக்கு அண்மையில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் நிற்கிறது, பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அதை நான் குறை கூறவில்லை. இறந்தவனுக்குப் பெயர் வேண்டும். நான் கேட்பது வேறு: அந்த முப்பத்திரண்டு மாதங்களில் மாண்ட நமது குடிமக்களின் பெயர்கள் எந்தக் கல்லில் உள்ளன? ஆயிரக்கணக்கானோர் என்கிறோம். எத்தனை ஆயிரம் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

அபிப்பிராயத்தை அளந்தார்களா? 1988 நவம்பரில் வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தல் வந்தது. வடக்கின் 36 இடங்களும் போட்டியின்றி நிரப்பப்பட்டன. ஒரு வாக்குச் சீட்டும் போடப்படாமலே மக்களின் பிரதிநிதிகள் பிறந்தனர்! மூன்று மாதங்களின் பின், 1989 பெப்ரவரியில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 11 இடங்களில் 8 இடங்களை ஈரோஸ் ஆதரவுச் சுயேச்சைக் குழு பெற்றது. இந்தியாவோடு இசைந்து நின்ற கட்சிகள் கூடியிருந்த பட்டியலுக்குக் கிடைத்தவை மூன்றே. வாய் திறக்க அஞ்சிய மக்கள், கிடைத்த முதல் வாய்ப்பில் எதைச் சொன்னார்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கசப்பான பகுதி

நண்பர்களே, இதோடு நிறுத்தினால் கைதட்டுவீர்கள். ஆனால் பாதிக் கணக்கு கணக்காகாது. அதே காலத்தில் பாடசாலை வழியிலும் பேருந்திலும் நமது பிள்ளைகளைப் பிடித்து, தமிழ்த் தேசிய இராணுவம் என்று துப்பாக்கி கொடுத்தவர் தமிழர். அப்பிள்ளைகளைப் பின்னர் சுட்டுத் தள்ளியவரும் தமிழர். இக்கணக்குகளை அஞ்சாது எழுதியோருள் ஒருவர் மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம. 'முறிந்த பனை' நூலாசிரியர் நால்வருள் அவர் ஒருவர். 1989 செப்ரெம்பர் 21ஆம் நாள், பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே அதற்குப் பொறுப்பு என்று அவரோடு பணியாற்றியோர் எழுதினர். அந்நியன் செய்த கொலையைப் பெரிய எழுத்திலும் நம்மவன் செய்த கொலையைச் சிறிய எழுத்திலும் எழுதும் ஏட்டை உலகம் நம்பாது. நமது பேரப்பிள்ளைகளும் நம்பமாட்டார்கள்.

ஆகவே இக்கூட்டத்தில் ஒன்றே வேண்டுகிறேன். வல்வெட்டித்துறை செய்ததை ஒவ்வோர் ஊரும் செய்யட்டும். ஒவ்வொரு வாசிகசாலையும் ஒரு கொப்பி வாங்கட்டும். பெயர், வயது, நாள், இடம், கண்டவர் யார், கொன்ற கை எது என்று ஆறு கட்டங்கள் கீறுங்கள். ஆறாவது கட்டத்தை எவருக்காகவும் வெறுமையாக விடாதீர்கள். அன்று இருபது வயதாயிருந்தவர் இன்று அறுபதை அண்மிக்கிறார். கண்ட கண்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. அவை மூடுமுன் எழுதுங்கள்.

படை நடத்தியவன் தன் கணக்கை எழுதி முடித்துவிட்டான். நமது கணக்கை அவன் எழுதமாட்டான். நாம்தான் எழுதவேண்டும்.