பழைய பெயர், புதிய பந்தல்



அப்புத்தளை நகரிலிருந்து 10 கிலோமீற்றர் அளவு சென்றால் தம்பேதென்னத் தேயிலைத் தொழிற்சாலை வரும். அதற்கும் மேலே, தேயிலை மலைகளினூடே வளைந்து வளைந்து ஏறும் பாதையின் முடிவில், மேகம் வந்து முகத்தில் படும் உயரத்தில் ஓர் இடம் உண்டு. சேர் தோமஸ் லிப்டன் அங்கே அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்து மகிழ்ந்தார் என்பர். அதனால் அவ்விடத்திற்கு லிப்டன் இருக்கை என்றே பெயராயிற்று. நாள்தோறும் வெளிநாட்டார் பலர் அங்கே ஏறிச் செல்கின்றனர். 1931 ஆம் ஆண்டு மறைந்த ஒரு வணிகரின் பெயர், அவருடைய தோட்டங்கள் கைமாறி, கம்பனியும் கைமாறிய பின்னும், அம்மலையின்மேல் நின்று ஆட்களை வரவழைத்துக்கொண்டிருக்கிறது.

பாடசாலை அதிபர் ஒருவர் விளம்பரக் கலையைப் பற்றிப் பேசவேண்டிய காரணம் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அது சற்று வெட்கப்படத்தக்க காரணமுங்கூட.

எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் நடைபெறும் திறந்தவெளிக் கண்காட்சி ஒன்றில் எம் பாடசாலை மாணவர்கள் தேநீர்ப் பந்தல் ஒன்று அமைத்து, ஊவாத் தேயிலையை அறிமுகப்படுத்தி விற்று வருகின்றனர். அதில் சேரும் பணம், க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தவும், தொலைவான லயங்களிலிருந்து வருவோரின் பஸ் கட்டணத்திற்கும் பயன்படுகிறது. முதலாம் ஆண்டு பந்தலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. இரண்டாம் ஆண்டு கூட்டம் வந்தது, நெருக்கம் இல்லை. மூன்றாம் ஆண்டு மக்கள் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு அடுத்த பந்தலுக்குப் போய்விட்டனர். அதே பதாகை, அதே வரவேற்பு வாசகம், கொழுந்து பறிப்பவர்போல் வேடமிட்டு நின்ற அதே மாணவியர். தேயிலை தரம் குன்றவில்லை. ஆயினும் அன்று மாலை எண்ணிப் பார்த்தபோது, வகுப்புகளை மூன்று மாதத்துடன் நிறுத்தவேண்டிய அளவுக்கே பணம் சேர்ந்திருந்தது. அந்த இரவிலேதான் எங்கள் மலையின் பழைய வணிகரைப் பற்றி நான் முறையாகப் படிக்கத் தொடங்கினேன்.

லிப்டன் 1848 இல் கிளாஸ்கோ நகரில் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1871 இல் அந்நகரிலேயே சிறிய மளிகைக் கடை ஒன்றைத் திறந்தார். உப்பிட்ட பன்றி இறைச்சி, முட்டை, வெண்ணெய் ஆகியவையே அக்காலத்தில் அவர் விற்ற பொருள்கள். அவர் செய்த முதல் வேடிக்கைகளுள் ஒன்று, கொழுத்த பன்றிகளைக் குளிப்பாட்டி, "லிப்டனின் அநாதைகள்" என்று எழுதி, நகரத்தின் தெருக்களிலே ஊர்வலம் விட்டதாகும். இதிலே நான் ஊன்றிக் கவனித்தது பன்றியை அன்று. அந்த ஊர்வலம் நாளுக்கு நாள் தெருவை மாற்றிக்கொண்டு சென்றது. பன்றி பழையது, தெரு புதியது. நேற்றுப் பார்த்தவன் இன்று பார்க்கமாட்டான். இன்று பார்ப்பவனுக்கோ அது நேற்று நடவாதது.

கடைச் சாளரத்திலே வாரந்தோறும் புதிய கேலிச் சித்திரம் ஒன்றை வரையச் செய்து மாட்டினார். இவ்வாரம் என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே மக்கள் அவ்வழியாக நடந்தார்களாம். பின்னர், 1881 ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்காக அமெரிக்காவிலிருந்து மிகப் பெரிய பாற்கட்டி ஒன்றை வரவழைத்தார். துறைமுகத்திலிருந்து கடை வரைக்கும் அதை இழுத்து வருவதே ஒரு தேரோட்டமாயிற்று. அதனுள்ளே தங்க நாணயங்களைப் புதைத்து வைத்திருப்பதாக அறிவித்தார். சில மணி நேரத்துக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. பின்வந்த நத்தார்களிலும் பாற்கட்டி வந்தது. ஆனால் வேறு நகரம், வேறு ஊர்வலம். வழக்கமும் வேண்டும், வழக்கத்தில் ஒரு வியப்பும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். நம் ஊர்த் தேர்த் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். தேர் மாறுவதில்லை. எனினும் இவ்வாண்டு சப்பறம் எப்படி, மேளம் யார் என்று கேட்காதவர் உண்டா?

தேயிலை வணிகத்தில் அவர் கால் வைத்தபோதும் இதுவே நடந்தது. 1889 இல் கிளாஸ்கோவிற்கு அவருடைய தேயிலைப் பெட்டிகள் வந்திறங்கியபோது, பித்தளை வாத்தியங்களும் ஸ்கொட்லாந்தின் பைக்குழல்களும் முழங்க அவற்றை வரவேற்றார். பிறர் ஓர் இறாத்தலை மூன்று ஷில்லிங் வரை விற்ற காலத்தில் அவர் 1 ஷில்லிங் 7 பென்சுக்குக் கொடுத்தார். 1890 இல் இலங்கைக்கு வந்தார். கோப்பிச் செடி இலைநோயால் அழிந்து, தோட்டங்கள் மலிந்து கிடந்த காலம். தம்பேதென்ன உட்பட அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்கினார். "தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ச் சாடிக்கு" என்ற ஒரு வாசகத்தை அமைத்துக்கொண்டு, அதனை விடாது பற்றிக்கொண்டார்.

வாசகத்தை அவர் மாற்றவில்லை; அரங்கை மாற்றிக்கொண்டே போனார். தெருவிலிருந்து கடலுக்குப் போனதுதான் அவற்றுள் பெரிது. அமெரிக்கக் கோப்பை எனப்படும் பாய்ப்படகுப் பந்தயத்தில் 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில், ஷாம்ரொக் என்று பெயரிட்ட ஐந்து படகுகளைக் கொண்டு, ஐந்து முறை போட்டியிட்டார். ஐந்து முறையும் தோற்றார். 1920 இல் ஐந்து ஓட்டங்களில் முதல் இரண்டையும் வென்று, எஞ்சிய மூன்றிலும் தோற்றது கேட்பவர் நெஞ்சையே வருத்தும். படகின் பெயரிலே தேயிலையும் இல்லை, லிப்டனும் இல்லை. ஷாம்ரொக் என்பது அயர்லாந்து மக்களின் சின்னமாகிய மூவிலைப் பூண்டு. ஆயினும் கரையில் நின்றும், நீராவிக் கப்பல்களில் ஏறியும் பந்தயம் பார்த்த பல்லாயிரம் அமெரிக்கருக்கு அது யாருடைய படகு என்பது தெரியும். தோற்றபின் முகம் கோணாது வென்றவரை வாழ்த்திய அம்முதியவரின்பால் அவர்களுக்கு அன்பு பிறந்தது. 1930 இல் தோற்றபோது, அமெரிக்கப் பொதுமக்களே சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டி அவருக்குத் தங்கக் கிண்ணம் ஒன்று செய்து அளித்தனர். அப்போது அவருக்கு வயது 82. வென்ற படகுகளின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

நேயர்களே, முப்பத்தோராண்டுகள் ஒரே பந்தயத்தை நாடிச் சென்ற ஒரு விளம்பரம் பழசாகவில்லை. முடிவு முன்கூட்டியே தெரியாததுதான் அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். எங்கள் பந்தலிலோ எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. மாணவி புன்னகைப்பாள், கோப்பை நீட்டுவாள், நன்றி சொல்வாள். மூன்றாம் முறையும் அதைக் காண எவர் நிற்பார்?

இலங்கைத் தேயிலைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1893 இல் சிக்காகோ நகரிலே நடந்த உலகக் கண்காட்சியில் கண்டிய மரச்செதுக்கு வேலைப்பாட்டுடன் இலங்கை மண்டபம் எழுந்தது. அங்கே பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட தேயிலைப் பொட்டலங்கள் விற்கப்பட்டன. 1932 இல் தேயிலைப் பிரசார சபை அமைந்தது. பின்னர் வாளேந்திய சிங்கக் குறி வந்தது. முற்றிலும் இலங்கையில் விளைந்து, இலங்கையிலேயே பொதியிடப்பட்ட தேயிலைக்கே அக்குறி உரியது. இந்தியாவில் இதே காலப்பகுதியில் தேயிலை விளம்பரக்காரர் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் இலவசமாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, காப்பியும் மோரும் குடித்துவந்த மக்களைத் தம் பக்கம் திருப்பினர். அது தனியே சொல்லவேண்டிய கதை.

இனி, வெட்கப்படத்தக்கது என்று நான் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

நான்காம் ஆண்டுப் பந்தலுக்காக மாணவரைக் கூட்டி, லிப்டன் கம்பனியின் பழைய விளம்பரப் படங்கள் சிலவற்றைக் காட்டினேன். நூறாண்டுக்கு முற்பட்ட படங்கள். சேலையுடுத்த தமிழ்ப் பெண் ஒருத்தி நிற்கிறாள். கூடை அவள் தலைமேல் இருக்கிறது. இதைப் போன்று புதிய பதாகை எழுதலாம் என்பது என் எண்ணம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், எங்கள் அப்பாயி ஒரு நாளும் கூடையைத் தலைமேல் வைத்ததில்லை. கயிறுதான் தலையில், கூடை முதுகில்" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "நம் பந்தலில் நாங்களும் மூன்று வருஷமாகத் தலையில்தான் வைத்துக்கொண்டு நின்றோம்" என்றாள்.

நான் பேசவில்லை. என் தாயாரும் மலையேறிக் கொழுந்து பறித்தவர். பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, இடுப்பிலே படங்கு கட்டி, பனியில் நனைந்து, நிறுவைக்கு ஓடியவர். கூடைக் கயிறு அழுத்திய தழும்பு அவர் உச்சியில் கடைசிவரை இருந்தது. அதைத் தடவிப் பார்த்து வளர்ந்த நான், என் மாணவியரை ஒரு படத்தின்படி நிறுத்தியிருந்தேன். எங்கோ ஒரு சித்திரக்காரர் அழகுக்காக வரைந்ததை, அவ்வழகுக்குரியவர்களின் பேத்திகளே நடித்துக் காட்டினார்கள். லிப்டன் தெருவை மாற்றினார், கடலுக்குப் போனார், பாற்கட்டியிலே தங்கம் வைத்தார். அந்தப் பெண்ணின் தலையிலிருந்த கூடையை மட்டும் ஒருவரும் இறக்கவில்லை.

வேடம் கைவிடப்பட்டது. அம்மாணவியின் அப்பாயியையே பந்தலுக்கு அழைப்பதென்று முடிவாயிற்று. நாற்பதாண்டுகள் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். கண்காட்சி ஆவணி மாதத்தில் வந்தது எங்களுக்கு வாய்ப்பாயிற்று. ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று வறட்சியாக வீசி, ஊவாக் கொழுந்திலே வேறெங்கும் கிடைக்காத ஒரு மணத்தை ஏற்றும் காலமன்றோ அது! சென்ற மாதத்துத் தேயிலையையும், கச்சானுக்கு முந்திய தேயிலையையும் இரு சாடிகளில் வைத்து, எது எது என்று வந்தவரையே சொல்லச் சொன்னோம். ஒரு கூடையில் பச்சைக் கொழுந்தை நிரப்பி, அதன் எடையை ஊகிப்போருக்கு ஒரு பொட்டலம் பரிசு என்றோம். ஊகிப்பதற்கு முன் கூடையை முதுகில் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்பது விதி. அதுவும் மாணவர் வகுத்ததே.

அங்கேதான் கூட்டம் நின்றது. நன்றாக உடுத்த உத்தியோகத்தர் ஒருவர் கயிற்றை நெற்றிக்கு மேல் மாட்டிக்கொண்டு நிமிரமுயன்று, இரண்டடி பின்னே சாய்ந்தார். "பத்துக் கிலோ இருக்கும்" என்று ஒருவர் சொன்னால், "இல்லை, இருபது" என்று மற்றவர் வாதிட்டார். அப்பாயி ஒரு சொல்லும் சொல்லாமல் கூடையை வாங்கி, தோளைச் சற்றே குலுக்கி ஏற்றிக்கொண்டு, "பதினெட்டு" என்றார். நிறுத்துப் பார்த்தோம். பதினெட்டேதான். பல தோட்டங்களில் ஒரு நாட் சம்பளத்துக்குக் கேட்கப்படும் எடையும் அதுவே என்று அவர் சொன்னபோது, சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சற்று அமைதியாயிற்று. பின்பு தேநீர் கேட்டது. மதியம் மூன்று மணிக்கு எங்கள் பொட்டலங்கள் தீர்ந்துவிட்டன. மாலை வகுப்புகள் பரீட்சை வரைக்கும் தடையின்றி நடந்தன.

இந்தப் புதுமையும் பழையதாகும் என்பதை நான் அறியாமலில்லை. அடுத்த முறை வருவோருக்குப் பதினெட்டு என்ற விடை தெரிந்திருக்கும். தெரிந்த விடைக்கு எவரும் கூடை தூக்கமாட்டார். ஆகவே இவ்வாண்டுக் கண்காட்சிக்காக மாணவர் வெள்ளிக்கிழமைதோறும் கூடி ஆலோசிக்கின்றனர். எடையை மாற்றலாம் என்றான் ஒருவன். கொழுந்தைக் கையாலே உருட்டிக் காட்டலாம் என்றாள் மற்றொருத்தி. பந்தலையே இடம் மாற்றி நுழைவாயிலுக்கு அருகே போடலாம் என்றும் ஒரு கருத்து எழுந்தது. பன்றி ஊர்வலத்தின் கதையை நான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். அதன் பயன் போலும்.

சென்ற வெள்ளிக்கிழமை, முன்பு கூடையைப் பற்றிச் சொன்ன அம்மாணவியிடம், உன் யோசனை என்ன என்று கேட்டேன். "வேறு எது செய்தாலும் சரி, சேர். அப்பாயிக்கு ஒரு நாற்காலி போடவேண்டும்" என்றாள். போன முறை காலை எட்டு மணி தொடங்கி மாலை வரை அவ்வம்மையார் நின்றுகொண்டே இருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பந்தலுக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலிலே இப்போது நாற்காலியே முதலாவதாக எழுதப்பட்டிருக்கிறது.