கல்லுக்கு அடியில் ஒரு வாழ்வு



மலையோடையில் கணுக்கால் நனையும் இடத்தில் நின்று, உள்ளங்கை அகலக் கல் ஒன்றை மெல்லப் புரட்டுங்கள். ஈரம் மினுங்கும் அடிப்பக்கத்தில், அரிசி நீளத்தில் ஓர் உயிர் பக்கவாட்டில் நழுவி ஓடும். அதுதான் மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவம். மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் ஈசல் அல்ல இது. ஈசல் கறையான் இனம்; இதுவோ தண்ணீரிலேயே பொரிந்து தண்ணீரிலேயே வளர்வது.

கல்லைக் கொஞ்சம் கண்ணருகே கொண்டுவாருங்கள். தட்டிவைத்தாற்போன்ற உடம்பு. பின்னால் மயிரிழையாக மூன்று வால்கள். வயிற்றின் இருபுறமும் குட்டி இலைகள் வரிசையாக இருக்கின்றனவே, அவை செவுள்கள். தண்ணீரில் விட்டால் படபடவென அடித்துக்கொள்ளும். கல்லை ஒட்டிய இடத்தில் நீரோட்டத்தின் வேகம் குறைவு. தட்டை உடம்புக்காரனுக்கு அந்த இடுக்கு போதும்.

பகலெல்லாம் கல்லடியில் பதுங்கி, இருட்டிய பிறகு மேலே வந்து, கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிறது. ஓடைமீனும் தும்பியின் இளம்பூச்சியும் இதைத் தின்கின்றன. பாசியின் சத்து மீனின் வயிற்றுக்குப் போக இது ஒரு வழி.

பல முறை தோலுரித்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வளர்ந்து, ஒருநாள் நீர்ப்பரப்புக்கு வந்து சிறகு விரிக்கிறது. சிறகு வந்தபின்னும் இன்னொரு முறை தோலுரிக்கும். இன்றுள்ள பூச்சிகளில் வேறெதற்கும் இந்த வழக்கம் இல்லை. அதன்பின் இரை எடுப்பதில்லை. அதன் வாயுறுப்புகள் தின்ன உதவாதவை. இணைசேர்ந்து, முட்டையிட்டு, பெரும்பாலும் ஓரிரு நாளில் மடிகிறது. ஒருநாள் பூச்சி என்று இதைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நீருக்குள் வாழ்ந்த காலத்தைக் கணக்கில் சேர்க்காத பேச்சு அது.

குற்றாலத்தின் பெயரையே தாங்கிய மேஃபிளை ஒன்று உண்டு: பீட்டர்சுலா குற்றாலென்சிஸ். 1984-இல் அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் பூச்சியியலாளர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன். நம் அருவி நீரில் வளர்ந்த பூச்சி, உலக ஆய்வேடுகளில் ஊர்ப்பெயரோடு நிற்கிறது.

ஓடை நீரில் கழிவு கலந்து ஆக்சிஜன் குறைந்தால், மேஃபிளை இனங்களில் பலவும் முதலில் மறைந்துவிடும். அதனால்தான் ஓடை நலத்தை அளப்பவர்கள் தண்ணீரைச் சோதிப்பதோடு நிற்காமல், கல்லையும் புரட்டிப் பார்க்கிறார்கள்.

அருவிக்கும் ஓடைக்கும் போகும்போது சோப்பையும் ஷாம்பூவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். புரட்டிய கல்லை, இருந்த இடத்தில், இருந்த பக்கமாகவே திருப்பி வையுங்கள்.